சூடு தெரியாத இடம்

திருமயம்
18.6.2024

அன்புத் தங்கை சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு,

அண்ணன் பிராங்க்ளின் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நான் நலம். உன் சுகத்தையும் மதர் அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல். உங்கள் மடத்தில் போன் அவசரத்துக்கு மட்டும்தான் என்பதால், இரண்டு மாதச் சேதியையும் இந்த ஒரு தாளில் அடக்கப் பார்க்கிறேன்.

நானும் உன் அண்ணியும் நலம் என்று எழுத முடியவில்லை. ஷர்லியின் வலது முழங்கால் இந்தக் கோடையில் மோசமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறாள். பஸ் படியில் இடது காலை முதலில் வைத்து, வலதை இழுத்துக்கொள்கிறாள். கண்டக்டர் விசில் ஊத அவசரப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எலும்பு டாக்டர் மூட்டு மாற்றச் சொல்கிறார். இவளுக்குச் சர்க்கரை இருப்பதால் பயம். "ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம். அதுக்கப்புறம் வெட்டட்டும்" என்கிறாள்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலிக்கென்றே நிலவழகன் என்று ஒரு டாக்டர் இருக்கிறார். பொறுமையாகப் பேசுகிறார். முழங்காலைச் சுற்றி வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சின்ன நரம்புகள் இருக்கின்றனவாம். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஊசியை அதன் பக்கத்தில் செலுத்தி, அந்த நரம்புகளை ரேடியோ அலையால் சூடேற்றிச் சுட்டுவிடுகிறார்கள். மூட்டு அப்படியேதான் இருக்கும், வலி மட்டும் ஒரு வருடம் போல அடங்கும், பிறகு நரம்பு திரும்ப வளர்ந்துவிடும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

முதலில் பரீட்சைக்கு ஒரு மரப்பு ஊசி போட்டார்கள். அன்று பஸ்ஸில் ஏறும்போது அவள் வலது காலை முதலில் வைத்தாள். "என்னங்க, வலியக் காணோம்" என்றாள், எதையோ தொலைத்துவிட்டவள் மாதிரி. சாயங்காலம் வரை வலி இல்லாமல் இருந்தது. ஆகவே நரம்பைச் சுட்டால் பலன் கிடைக்கும் என்கிறார் டாக்டர்.

கையெழுத்துப் போடும் தாளில் என்னென்ன நேரலாம் என்று வரிசையாக இருக்கிறது. ரத்தக்கட்டு, சீழ், தோல் மரத்துப் போவது, தோல் வெந்து போவது, பலனே இல்லாமல் போவது. தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருடம் மனுக்களைப் படித்தவன் நான். ஷர்லி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "நீங்க படிச்சுச் சரின்னா எனக்கும் சரி" என்றுவிட்டாள். அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

இப்படிக்கு
அன்பு அண்ணன்
பிராங்க்ளின்


குடகு
1.7.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் நம் வீட்டில் நிறைந்திருக்கட்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. துவைத்த உடை மூன்று நாளானாலும் காய்வதில்லை. மற்றபடி நான் சுகம்.

உங்கள் கடிதத்தை மதருக்கும் படித்துக் காட்டினேன். ஒரு காரணம் உண்டு. மடத்து நோயாளி அறையைப் பார்த்துக்கொள்வது இப்போது என் பொறுப்பு. அங்கே சிஸ்டர் பெர்னதெத் இருக்கிறார்கள், எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. இருதயம் பலவீனம் என்பதால் பெரிய ஆபரேஷனுக்கு டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடிப்பார்கள். அந்த நகத் தடம் மத்தியானம் வரை இருக்கும்.

அண்ணிக்குச் செய்யுங்கள், அண்ணா. டாக்டர் நல்லதையும் கெட்டதையும் சொல்லியிருக்கிறார், நீங்களும் படித்திருக்கிறீர்கள். அதற்குமேல் நாம் என்ன செய்ய முடியும்? நல்லபடி முடிந்தால் எனக்கு விவரமாக எழுதுங்கள். சிஸ்டருக்கும் செய்யலாமா என்று மதர் கேட்கிறார்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
ஜெசிந்தா


திருமயம்
16.7.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். இந்த முறை அந்த வார்த்தையை மனதாரவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முடிந்தது. காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஒரு மணி நேரத்துக்குள் வெளியே. மயக்கம் கொடுக்கவில்லை. முழங்காலைச் சுற்றி மூன்று இடம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிடம் சூடு. ஷர்லி உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருந்தாளாம். டாக்டர், "டீச்சர், இன்னும் எத்தனை மணி இருக்கு?" என்று கேட்டாராம். மத்தியானமே வாடகைக் காரில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதல் இரண்டு நாள் ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போய் வலி இருந்தது. நேற்றுக் காலை நான் பால் வாங்கிவிட்டு வரும்போது அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பதறிப்போய், "என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, மூணு தடவ ஏறி எறங்குனேன், மூச்சு வாங்குது" என்றாள். மாடி ஏறி அவள் ஒன்றரை வருடம் ஆகிறது, ஜெசி. அங்கே நான் போட்டு வைத்திருந்த பழைய பேப்பரையெல்லாம் பார்த்துவிட்டு என்னை ஏசினாள். ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தொட்டால் தெரியவில்லை என்கிறாள். அது போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

ஓசூரில் இருக்கும் நம் சார்லஸிடம் போனில் சொன்னேன். "அப்பா, கரெக்டா முடிவு எடுத்தீங்க" என்றான். அவன் என்னைப் பாராட்டி எத்தனை வருடம் ஆகிறது!

சிஸ்டர் பெர்னதெத்துக்குத் தாராளமாகச் செய்யச் சொல். நான் சாட்சி.

அன்புடன்
அண்ணன்


குடகு
1.8.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உணவறையில் எல்லாருக்கும் படித்துக் காட்ட மதர் அனுமதித்தார். மாடிப்படி வந்த இடத்தில் சிஸ்டர் பெர்னதெத் கையைத் தட்டினார்கள். எங்கள் உணவறையில் கைதட்டல் கேட்டது அதுதான் முதல் தடவை.

மைசூரில் இதைச் செய்கிற ஒரு டாக்டரிடம் செப்டம்பர் பதினாறுக்கு நாள் வாங்கியிருக்கிறோம். இருதயத்துக்கும் இதனால் பெரிய சிரமம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும்போது என்னென்ன சொன்னார்கள், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி அனுப்ப முடியுமா? பார்த்துக்கொள்ளப் போகிறவள் நான்தானே.

அண்ணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்களா? அடுத்த கடிதத்தில் அவர்கள் கையாலும் இரண்டு வரி வேண்டும்.

உங்கள் தங்கை
ஜெசிந்தா


திருமயம்
28.8.2024

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். நாங்கள் நலமாக இல்லை.

நாங்கள் நம்பிய வைத்தியம் எங்களைக் கைவிட்டுவிட்டது. சிகிச்சை முடிந்த எட்டாம் நாள், முழங்காலுக்குக் கீழே, மரத்துப்போயிருந்த அந்த இடத்தில் பெரிய கொப்புளம் கண்டது. இரண்டு நாளில் அது உடைந்து, உள்ளே சதை வெள்ளையாகத் தெரிந்தது. சர்க்கரை உடம்பு வேறு. அதே மருத்துவமனையில் பதினொரு நாள் படுக்க வைத்திருந்தார்கள். இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டுப் பிரிக்கப் புதுக்கோட்டை போகிறோம். ஆறாவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.

சார்லஸ் வந்து மருத்துவமனையில் சத்தம் போட்டான். நிர்வாகத்துக்கு நான் நான்கு பக்கத்தில் புகார் எழுதினேன். என் கை இன்னும் மழுங்கவில்லை. அதைப் படித்த மேனேஜர் தண்ணீர் குடித்தார். விசாரணை வைத்திருக்கிறார்கள்.

நரம்பைச் சுடுகிறேன் என்று தோலைச் சுடுகிற வைத்தியம் நமக்கு வேண்டாம். சிஸ்டர் பெர்னதெத்துக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று மதர் அம்மாவிடம் சொல்லிவிடு. நீ கேட்ட தாளை அனுப்புவதற்கு இனித் தேவையிருக்காது.

ஷர்லிக்கு எழுத முடியவில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்
பிராங்க்ளின்


குடகு
10.9.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அண்ணியின் பெயரைச் சொல்லாமல் நாங்கள் எந்த ஜெபத்தையும் முடிப்பதில்லை. புண் எப்படி இருக்கிறது? சர்க்கரை எவ்வளவு காட்டுகிறது? சாப்பிடுகிறார்களா?

மதரிடம் சொன்னேன். மைசூர் டாக்டருக்கு வர முடியவில்லை என்று தகவல் கொடுத்துவிட்டோம். சிஸ்டர் பெர்னதெத்திடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பாவம், உன் அண்ணி. எனக்கு என்ன, பழகிப்போச்சு" என்றார்கள். மறுநாள் காலை நாற்காலிக்கு மாற்றும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். மடத்துக்கு வருமுன் மூன்று வருடம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள் நான். மெஷினால் தோல் வெந்திருந்தால் அன்றைக்கே, தப்பினால் மறுநாள், சிவந்தாவது காட்டியிருக்கும். நீங்களோ ஐந்தாம் நாள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் நாள் எப்படிக் கொப்புளம் வந்தது? அன்று ஏதாவது நடந்ததா? காரணம் தெரிந்தால் புண்ணை ஆற்ற வழி கிடைக்கும் என்பதற்காகக் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் முத்தம்.

ஜெசிந்தா


குடகு
12.10.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று இருக்கிறது. அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஜெசிந்தா


திருமயம்
4.11.2024

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. அலைச்சலில் எழுத முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் தோல் ஒட்டும் ஆபரேஷன் நடந்தது. பிடித்துக்கொண்டது. இப்போது ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறாள். முழங்கால் வலி சுத்தமாக இல்லை. அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வருகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த எட்டாம் நாள் மத்தியானம் காலெல்லாம் குடைச்சலாக இருக்கிறது என்றாள். நான்தான் ரப்பர்ப் பையில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றி வைத்தேன். வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். அவள் அப்படியே தூங்கிவிட்டாள். பை நழுவி மரத்துப்போன இடத்தில் கிடந்திருக்கிறது. துண்டும் விலகியிருக்கிறது. அவளுக்குச் சூடே தெரியவில்லை. வந்து பார்க்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முன் கடிதத்தில் இதை எழுதாமல் விட்டது தவறுதான். ஆனால் மரத்த இடத்தில் ஒத்தடம் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த தாளிலும் அது இல்லை. விசாரணையிலும் அதுதான் முடிவாயிற்று. எங்களை வீட்டுக்கு அனுப்பிவைத்த வார்டு நர்ஸை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது. மதர் அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்
பிராங்க்ளின்


குடகு
20.11.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

தோல் பிடித்துக்கொண்டது என்று படித்ததும் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

டிசம்பர் முதல் நாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வந்தாலும் பிரிப்பதில்லை. அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதைக்கூட எழுதுகிறவர் நீங்கள். வேலை போன அந்த நர்ஸைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு மழைக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அண்ணா? ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்.

வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜெசிந்தா


திருமயம்
29.12.2024

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே ஸ்டார் கட்டினோம், பூசைக்குப் போனோம். நான் மட்டும் பீடத்துக்குப் போய் நற்கருணை வாங்கவில்லை. ஷர்லி திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் இளமதி. வல்லத்திராக்கோட்டைக்காரி. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பேசும்போது தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

ஜெசி, அவள் சொன்னாள்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "சார், ஒரு எடத்துல தொட்டாத் தெரியாது. வெந்நி ஒத்தடம் மட்டும் குடுத்துராதீங்க, வெந்துபோனாக்கூடத் தெரியாது. வலிச்சா ஐஸ் வைங்க." நான் சார்லஸிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. இப்போது உனக்கு எழுத முடிகிறதே.

எட்டாம் நாள் கெட்டிலைச் சாய்க்கும்போது அந்தக் குரல் ஞாபகமும் வந்தது. ஒரு தடவைதானே, துண்டு சுற்றியிருக்கிறேனே, தொடைப் பக்கம்தானே வைக்கிறேன் என்று நினைத்தேன். ஷர்லி வலி என்றாள். ஐஸ் வாங்கக் கடைக்குப் போக வேண்டும். வெந்நீர் அடுப்பிலேயே இருந்தது. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஷர்லி சக்கர நாற்காலியில். டாக்டர் ஒரு பக்கம். இளமதி சுவரோரமாக நின்றாள். "ஒத்தடம் வேணாம்னு நான் சாருகிட்ட சொன்னேன்" என்றாள். சார்லஸ் என் பக்கம் திரும்பி, "அப்பா, இவங்க ஒங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டான்.

மகன் கேட்கிறான். மனைவி பார்க்கிறாள். நான்கு பக்கப் புகார் மேசைமேல் கிடக்கிறது. "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல" என்றேன். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"சார், நான் சொன்னேன் சார்" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஷர்லிக்கு இது தெரியாது. அவளும் அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நான் எழுதியதை நம்பி. புண்ணைக் கழுவும்போதெல்லாம், "அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்பாள். நான் பஞ்சை எடுத்துக் கொடுப்பேன்.

சிஸ்டர் பெர்னதெத்தின் கால்களும் என் கணக்கில்தான் சேரும். நான் என்ன செய்ய வேண்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

பிராங்க்ளின்


குடகு
11.1.2025

பாசமுள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு ஆசீர். உங்கள் கடிதத்தை நான் மட்டுமே படித்தேன். பிறகு மதரிடம் போய், சிகிச்சையால் வந்த காயம் இல்லை, வெந்நீரால் வந்தது, எனக்கு முதலில் கிடைத்த தகவல் பொய் என்று சொன்னேன். பொய் சொன்னது யார் என்று மதர் கேட்கவில்லை. நானே சொன்னேன். மறைத்தால் நானும் அதையே செய்தவள் ஆவேன்.

என் பங்கும் இதில் உண்டு, அண்ணா. எட்டாம் நாள் என்று படித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகத்தோடேதான் மைசூர் நாளை ரத்து செய்யச் சொன்னேன். உங்கள் பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். எழுபத்தெட்டு வயது இருதய நோயாளியை மலையிறக்கிக் கூட்டிப்போக எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் கடிதம் அந்தப் பயத்துக்கு வசதியாக வந்து சேர்ந்தது. அதை சிஸ்டர் பெர்னதெத்திடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரி, இனிமேலாவது கூட்டிட்டுப் போ" என்றார்கள். நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் பெருந்தன்மையாக இல்லை. இரண்டு நாள் என் கையால் கஞ்சி வாங்கவில்லை. பிப்ரவரி பத்தாம் தேதிக்கு நாள் கிடைத்திருக்கிறது.

நீங்கள் கேட்காததால் நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும். முதலில் அண்ணியிடம் சொல்லுங்கள். வேறு யார் மூலமாவது அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

இளமதி என்ற பெயரைத் தினமும் சொல்கிறேன்.

ஜெசிந்தா


திருமயம்
26.2.2025

அன்புத் தங்கை ஜெசிந்தாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சிஸ்டர் பெர்னதெத்துக்கு நல்லபடி முடிந்ததா? அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கிவிடும். நீ கடிதம் பிரிக்காத நாள் வருமுன் இது வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் ஷர்லியை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "அந்தப் பொண்ணு அங்கனயே செவத்தோரமா நின்னுச்சுல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான்கு நாள் பேச்சில்லை. சோறு போட்டாள், மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டாள், கட்டுப் போட்ட காலைத் தானே கழுவிக்கொண்டாள். காலைத் தொட என்னை விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில், "வல்லத்திராக்கோட்டைக்கு இங்கேருந்து எப்படிப் போறது?" என்றாள். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். "ரெண்டுக்கும் நானும் வாரேன். கையெழுத்துப் போட்டவ நானுந்தான்" என்றாள்.

சார்லஸிடம் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டான். இன்றுவரை கூப்பிடவில்லை. அவனாகக் கூப்பிடட்டும் என்று இருக்கிறேன்.

என் வாழ்நாளில் எழுதியதிலேயே சின்ன மனு அதுதான். ஐந்து வரி. இளமதி என்னிடம் எச்சரித்துச் சொன்னார், நான் கேட்டேன், மீறினேன், விசாரணையில் பொய் சொன்னேன், அவர்மேல் குற்றமில்லை. மேனேஜர் படித்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சுபோன விசயம், இப்ப ஏன் சார் கெளப்புறீங்க?" என்றார். டாக்டர் நிலவழகன் அதை அவர் கையிலிருந்து வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு ஷர்லியின் காலைக் குனிந்து பார்த்தார். "ஒத்தடம் கூடாதுங்கறத இப்பத் தமிழ்ல அச்சடிச்சுக் கையில குடுக்குறோம் டீச்சர். மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்றார். இரண்டு வாரம் நடையாக நடந்து, கவனக்குறைவு என்று எழுதியதை ரத்து செய்த கடிதத்தை வாங்கினோம். வேலையையும் திருப்பித் தருவதாக அதில் எழுதியிருக்கிறார்கள். தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். ஷர்லி, "நாங்களே கொண்டுபோய்க் குடுக்குறோம்" என்று கையில் வாங்கிக்கொண்டாள்.

நேற்றுப் போனோம். பஸ் நிறுத்தத்திலிருந்து அரை மைல். ஷர்லி ஊன்றுகோலோடு நடந்தாள். தோளைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். இளமதி வீட்டு வாசலில் அவளுடைய அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எங்களை யாரென்று தெரியாமல், "வாங்க, வாங்க" என்று பாயை எடுத்துப் போட்டார். உள்ளேயிருந்து வந்த இளமதிக்குத் தெரிந்துவிட்டது. நிலைப்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டாள். மெலிந்துபோயிருக்கிறாள். வேறு இரண்டு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாளாம். பழைய வேலையிலிருந்து ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு வாய் வராமல் திரும்பி வந்துவிட்டாளாம்.

நான் உட்காரவில்லை. கடிதத்தை நீட்டி, பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கடிதத்தை வாங்கவில்லை.

"சார், நான் சொன்னேன்ல?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சொன்னேன்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க அவ்வளவு உறுதியா இல்லன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அன்னைக்கு நாலு டிஸ்சார்ஜ். வேற யாருகிட்டயோ சொல்லிட்டு ஒங்ககிட்ட சொன்னதா நெனச்சுக்கிட்டேனோன்னு. அஞ்சாறு மாசமா அதையேதான் யோசிக்கிறேன். டீச்சர் கால வேக வச்சது நாந்தானோன்னு இருக்கு."

அவளுடைய அம்மா கடலை உடைப்பதை நிறுத்திவிட்டார்.

வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், ஜெசி. அவளுக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை இல்லாமல் செய்திருக்கிறேன்.

"சொன்னீங்கம்மா" என்றேன். "மாத்திரை குடுத்த கையோட சொன்னீங்க. நான் தலையாட்டுனேன்."

அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அறையில் பார்த்தாளே, அதே பார்வை. இந்தத் தடவை நான் குனியவில்லை. அப்போதுதான், உனக்கு எழுதியபோதும், ஷர்லியிடம் சொன்னபோதும், அந்த ஐந்து வரியிலும் விட்டுவிட்ட ஒன்றைச் சொன்னேன்.

"ஒரு தடவ இல்லம்மா. நான் கார்ல ஏறுனதுக்கப்புறம் வெளியில ஓடியாந்தீங்க. கண்ணாடிய எறக்கச் சொல்லி, 'சார், ஒத்தடம் ஞாபகம்'னீங்க. டீச்சர் அந்தப் பக்கம் கால உள்ள எடுத்து வச்சுக்கிட்டு இருந்தா, அவளுக்குக் கேக்கல. நான் சரி சரின்னு கண்ணாடிய ஏத்திட்டேன்."

இளமதி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதுவும் நெசந்தானா?" என்றாள். "கார்கிட்ட ஓடுன மாதிரி இருக்கும். நானாக் கற்பன பண்றேன்னு யாருகிட்டயும் சொல்லல."

"நெசந்தாம்மா. ஓடியாந்தீங்க."

அவள் அழுதாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஷர்லி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுச் சட்டத்தைப் பிடித்து மெதுவாக இறங்கி, அந்த நிலைப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலில் வெயிலில் நின்றேன். யாரும் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

நான் மூன்று மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். ஷர்லி அடுத்த பஸ்ஸில் வந்தாள். இளமதி வேலைக்குத் திரும்புவாளா என்று தெரியவில்லை, கடிதத்தை மட்டும் ஷர்லியிடமிருந்து வாங்கிக்கொண்டாளாம்.

நான் நலம். ஷர்லியின் புண் ஆறிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபத்தில் இளமதியின் பெயரை விட்டுவிடாதே.

அண்ணன்
பிராங்க்ளின்